முட்டி ஜவ்வு கிழிந்தபின்: கட்டா, கத்தியா, பயிற்சியா?

ஜவ்வு கிழிந்த பிள்ளையோடு வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா சார்?" என்றுதான். அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சொல்கிறேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு, அதை அனேகமாக யாரும் கேட்பதில்லை: அடுத்த ஒன்பது மாதம் இந்தக் காலுக்கு வாரம் தவறாமல் பயிற்சி கொடுக்கப் போவது யார், எங்கே, என்ன செலவில்? கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்தக் கேள்விக்கு வழி செய்யாத வீட்டுப் பிள்ளைகள் மறுபடி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் கபடிப் பயிற்சி. நான் மருத்துவன் அல்ல. ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது எலும்பு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்)தான். ஆனால் அவர்கள் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் ஒரு முடிவெடுக்கத் தவிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் நான். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் மாவட்ட அளவிலான போட்டி. எங்கள் அணியின் ரெய்டர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவள், அப்போது பதினொன்றாம் வகுப்பு. போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு இடக்காலை ஊன்றித் திரும்பினாள். எதிரணியில் ஒருவர்கூட அவளைத் தொடவில்லை. பாதம் மேட் விரிப்பில் பதிந்தபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. சுள்ளி ஒடிவதுபோல உள்ளே ஒரு சத்தம் கேட்டது என்று பின்னால் சொன்னாள். எழுந்து நின்றாள், இரண்டடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். மாலைக்குள் முட்டி வீங்கி, முட்டிச் சிப்பி இருக்கும் இடமே தெரியவில்லை. இப்படித் திருகும்போது சத்தம் கேட்பது, சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்குவது, நடக்கையில் முட்டி நழுவுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏசிஎல் என்கிற உள் ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது.

இந்த ஜவ்வு தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகப் பிணைக்கிறது. கீழ்க்கால் முன்னால் வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துக்கொள்வது இதன் வேலை. நேராக நடக்க இது அவ்வளவாகத் தேவைப்படாது. ஓடிக்கொண்டே சட்டென்று நின்று திரும்பத் தேவைப்படும். கபடியில் ஒவ்வொரு ரெய்டும் அந்தத் திருப்பம்தான். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு அறுவது அதிகம் என்பதையும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அவள் வீட்டில் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. தாய்மாமன் நாட்டுக் கட்டு போடலாம் என்றார். மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும் இயன்முறை மருத்துவர், முதலில் ஐந்து வாரம் பயிற்சி, பிறகு முடிவு என்றார்.

கட்டும் ஓய்வும்

கட்டைக் கேலி செய்பவன் அல்ல நான். நகரியை அடுத்த புத்தூருக்குக் கை ஒடிந்தவர்களைச் சென்னையிலிருந்து அழைத்துப்போய்க் கட்டிக்கொண்டு வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எலும்பு, அசையாமல் பொருத்தி வைத்தால் கூடுகிற பொருள். ஆகவே அங்கே கட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டுக்குள் அறுந்த ஜவ்வின் கதை வேறு. அதன் இரு முனைகளும் மூட்டு நீரில் மிதக்கின்றன. வெளியே சுற்றும் துணியும் மூங்கில் பத்தையும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்காது. அதே நேரத்தில் மூன்று வாரம் அசையாமல் கிடக்கும் முட்டி இறுகிப்போகிறது, தொடையின் முன்தசை கண்ணெதிரே வற்றுகிறது. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி எண்ணெய் போட்டு வீங்கிய மூட்டை நீவுவது இன்னும் மோசம். முதல் சில நாள்களில் காலை உயர்த்தி வைத்து, மீள்துணி (கிரேப்) கட்டு போட்டு, தாங்கும் அளவுக்கு மட்டும் ஊன்றினால் போதும்.

ஓய்வில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது: அது பலிப்பது போலத் தோன்றும். வீக்கமும் வலியும் சில வாரங்களில் தாமாகவே குறைந்துவிடும். பிள்ளை நடக்கிறான், சைக்கிள் ஓட்டுகிறான், "சரியாகிவிட்டது சார்" என்கிறான். பத்தாண்டுக்கு முன் அப்படி ஒரு மாணவன் மூன்றாவது மாதம் வந்து நின்றான். வலி இல்லை என்றான்; நானும் நம்பி அணியில் சேர்த்தேன். இரண்டாவது ஆட்டத்தில் முட்டி மறுபடி திருகியது. இந்த முறை ஜவ்வோடு மூட்டுக்கு மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்தது. இன்று முப்பது வயதாகவில்லை, படி இறங்கக் கைப்பிடியைத் தேடுகிறான். அந்த முடிவை எடுத்தவன் நான். வலி போனது என்பதை ஓர் அளவுகோலாக அன்றோடு விட்டுவிட்டேன்.

ஆகவே முழங்கால் ஜவ்வுக்குக் கட்டு, வெறும் ஓய்வு இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். உண்மையான தேர்வு மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

உடனே அறுவையா, முதலில் பயிற்சியா?

அறுவை சிகிச்சையில் அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை. பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். நுண்துளை வழியாகவே நடக்கிறது. ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். தழும்பு சின்னதாக இருக்கிறது, வேலையும் சின்னது என்று நினைக்கிறார்கள். பொருத்திய நாருக்குள் இரத்த ஓட்டம் புகுந்து, அது ஜவ்வாக மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தனியார் மருத்துவமனையில் செலவு லட்சத்தைத் தாண்டலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் பிள்ளைக்கான சிகிச்சை வருமா என்பதை நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

பயிற்சியை முதலில் வைக்கும் வழிக்கு வலுவான ஆதாரம் சுவீடனிலிருந்து வந்தது. ஏசிஎல் அறுந்த, சுறுசுறுப்பாக விளையாடும் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பகுதிக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. 2010-இல் இரண்டாண்டு முடிவும் 2013-இல் ஐந்தாண்டு முடிவும் வெளிவந்தன. வலி, அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் என்று எதை வைத்துக் கேட்டாலும் இரு பகுதியினரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தார்கள். பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் ஐந்தாண்டுக்குள் 30 பேர் பிறகு அறுவை செய்துகொண்டார்கள். மீதிப் பாதிப்பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை.

இந்த முடிவை இரு தரப்பாரும் தங்களுக்குச் சாதகமாக இழுக்கிறார்கள். நான் அதில் காண்பது இதுதான்: காத்திருந்ததால் யாரும் பின்தங்கிப் போகவில்லை. அப்படியானால், அடிபட்ட பதற்றத்திலேயே முடிவெடுக்கத் தேவையில்லை. ஐந்து வாரம் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த ஐந்து வாரம் எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடை வலுவோடு அறுவைக்குப் போகிறவர்கள் பிறகும் நன்றாகத் தேறுகிறார்கள். வீங்கி மடங்காத முட்டியோடு மேசையில் படுத்தவர்கள் பல மாதம் காலை நீட்டவே போராடுகிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை அழுத்திச் சொல்கிறேன். முட்டி பூட்டிக்கொண்டு நீளவே மாட்டேன் என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வுகள் அறுந்திருந்தாலும் அப்படியே. பயிற்சி செய்தும் சாதாரண நடையில் முட்டி திரும்பத் திரும்ப நழுவினால், ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை அரைக்கிறது என்று பொருள். மேலும் கபடி, கால்பந்து, மல்யுத்தம் போன்ற திருகி ஆடும் ஆட்டங்களுக்கே திரும்ப வேண்டும் என்பவருக்கு, அறுந்த ஜவ்வோடு களமிறங்குவதை நான் சொல்ல மாட்டேன். அந்த ஆட்டங்களை விட்டுவிட்டு ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று மாறத் தயாராக இருப்பவருக்குப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். எந்த ஆட்டத்துக்குத் திரும்பப் போகிறான் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். அப்பாவின் ஆசையும் பயிற்சியாளரின் ஆசையும் அந்தப் பதிலில் கலக்கக் கூடாது.

எங்கள் பெண் ஐந்து வாரப் பயிற்சி செய்தாள். கால் நீண்டது, வீக்கம் வடிந்தது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இரண்டு முறை முட்டி நழுவியது. கபடியை விடமாட்டேன் என்பதிலும் உறுதியாக இருந்தாள். அக்டோபரில் அறுவை நடந்தது. அவளைப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

தினமும் கிளினிக்கா, வீட்டிலா?

இனிதான் நான் சொல்லவந்தது. கத்தி வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் பயிற்சி. அதை எங்கே செய்வது என்பதில் மூன்று வழிகள் அந்த வீட்டின் முன் இருந்தன: நகரத்தில் இருக்கும் கிளினிக்குக்குத் தினமும் போவது, வீட்டில் செய்துகொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் காட்டுவது, சீட்டில் எழுதிக் கொடுத்ததைத் தானே வீட்டில் செய்துகொள்வது.

தினமும் கிளினிக் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஊரிலிருந்து நகரத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம், திரும்பி வர முக்கால் மணி நேரம், ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய், துணைக்கு வரும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். முதல் மாதம் ஊக்கத்தோடு போவார்கள். மூன்றாவது மாதம் வலி போய்விடும், அதோடு கிளினிக்கும் நின்றுவிடும். முக்கியமான பகுதியே அந்த மூன்றாவது மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தினமும் போவதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே உங்கள் பிள்ளை படுத்திருக்கும் நேரம் எவ்வளவு, வியர்க்கும் நேரம் எவ்வளவு? "கரண்ட் வைத்தார்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு தினமும் வீடு திரும்பினால் சந்தேகப்படுங்கள். வலி குறைக்க வைக்கும் கரண்டும் சூடும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், தசையை வளர்க்காது. இதில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் தொடை முன்தசை மூளையின் கட்டளைக்கே இணங்காமல் கிடக்கும். அப்போது அந்தத் தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டல் உண்மையிலேயே உதவுகிறது. "இது வலிக்கா, தசைக்கா?" என்று கேட்டாலே போதும். நல்ல இயன்முறை மருத்துவர் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பதில் சொல்வார்.

சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது செலவு குறைந்த வழி. ஆனால் பெரும்பாலும் அது ஓரிடத்தில் உறைந்து நின்றுவிடும். காலைத் தூக்கி இறக்கு, முப்பது முறை, மூன்று வேளை என்று முதல் வாரம் எழுதியதை ஆறாவது மாதமும் செய்துகொண்டிருப்பார்கள். தசை அப்படி வளராது. எட்டு முதல் பத்து முறை தூக்க முடிகிற, பன்னிரண்டாவது முறை முடியாத எடைதான் வலுவைக் கொடுக்கும். அது இலேசாகிப் போனதும் எடையைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லித்தர, திருத்த, பயத்தைப் போக்க ஓர் ஆள் வேண்டும்.

நான் நடுவழியைத்தான் சொல்கிறேன். கனடாவில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை முடிந்தவர்களில் ஒரு சாராருக்கு முதல் மூன்று மாதத்தில் 17 முறை நேரடிப் பயிற்சி கொடுத்தார்கள். மறு சாரார் 4 முறை மட்டும் வந்து கற்றுக்கொண்டு, மீதியை வீட்டில் செய்தார்கள். வீட்டில் செய்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. வந்துபோகும் எண்ணிக்கையைவிட, வந்த நாளில் அடுத்த இரு வாரத்துக்கான பயிற்சி மாற்றித் தரப்பட்டதா என்பது முக்கியம்.

அவள் வீட்டில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் இரு வாரம் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டி தானாக நீண்டு தரையைத் தொட முயலும். பிறகு துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது. அம்மா சிப்பிக்கு மேலே இரு விரலை வைத்துத் தசை துடிக்கிறதா என்று பார்ப்பார். "வந்துவிட்டது சார்" என்று ஒரு நாள் காலையில் எனக்கு போன் செய்தார். அந்தத் துடிப்புக்காக ஒன்பது நாள் காத்திருந்தார்கள். பிறகு நாற்காலியிலிருந்து எழுவது, திண்ணைப் படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக்காலில் எழுவது. எடைக்கு மணல் நிரப்பிய பழைய பள்ளிப் பை. மூன்றாவது மாதம் பை போதவில்லை. உள்ளூர் ஜிம்மில் வாரம் மூன்று நாள் சேர்த்தோம். அங்கே எல்லோரும் ஆண்கள் என்று தயங்கினாள், அணியில் இன்னும் இரண்டு பெண்களைத் துணைக்குச் சேர்த்தோம். வலுவான கால் யாருக்கும் கெடுதல் இல்லையே.

ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எடை, எத்தனை முறை, மறுநாள் காலை முட்டியின் சுற்றளவு. தையல்காரர் டேப்பைச் சிப்பியின் நடுவில் சுற்றி அளப்பாள். முந்தைய நாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் அன்றைக்கு எடை குறையும். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை, மறுநாள் வீங்கினால் நேற்று அதிகம் என்று அர்த்தம். இயன்முறை மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த இரு வாரத்தை எழுதிக் கொடுத்தார். பரீட்சை வாரத்திலும் அந்த நோட்டில் வெற்றுப் பக்கம் இல்லை. வீட்டுத் திண்ணையில் நடப்பதால்தான் அது முடிந்தது.

எப்போது திரும்புவது: நாள்காட்டியா, அளவா?

"ஆறு மாதத்தில் ஆடலாம் என்றார்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண்ணைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். காரணமும் இருக்கிறது: மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி, சான்றிதழ், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் வாழ்க்கையே தவறிவிடும் என்று அந்த வயதில் தோன்றும்.

அவர்களிடம் இரண்டு தகவலைச் சொல்கிறேன். ஏசிஎல் அறுவை முடிந்து விளையாட்டுக்குத் திரும்பும், 25 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ ஜவ்வு மீண்டும் அறுகிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் 106 விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஒன்பதாவது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என்று காட்டியது. வேறெந்த மருந்தும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பாதுகாப்பைத் தரவில்லை.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தை எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து, அதன்பின் முழங்கால் ஜவ்வுக்கு அறுவை. அவர் மறுபடி ஒரு போட்டி ஆட்டத்தில் இறங்கியது 2024 மார்ச்சில். வேண்டிய மருத்துவரும் பயிற்சியாளரும் கருவியும் பக்கத்திலேயே இருந்தவருக்குப் பதினான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அவர் காயம் இன்னும் பெரியதுதான். ஆனாலும் திண்ணையில் மணல் பையோடு பயிற்சி செய்கிறவளை ஆறு மாதத்தில் களத்தில் இறக்க நமக்கு என்ன அவசரம்?

ஒன்பது மாதம் என்பதும் தாண்ட வேண்டிய முதல் கோடு மட்டுமே. அதோடு காலையும் அளக்க வேண்டும். பெரிய மையங்களில் அதற்குக் கணினி இணைத்த கருவிகள் இருக்கின்றன. பள்ளி மைதானத்தில் எங்களிடம் இருப்பது நொண்டி. ஆம், நாம் சின்ன வயதில் ஆடிய அதே நொண்டி. சுண்ணாம்பில் ஒரு கோடு, நல்ல காலில் ஒரே தாவு, தாவிய காலிலேயே ஆடாமல் நிற்க வேண்டும்; டேப்பை வைத்து அளக்க வேண்டும். பிறகு அடிபட்ட காலில். இன்னொன்று தொடர்ந்து மூன்று தாவு. மற்றொன்று கோட்டுக்குக் குறுக்காக மாறி மாறித் தாவுவது. அடிபட்ட கால் மற்றதன் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஜிம்மில் உட்கார்ந்து காலை நீட்டும் கருவியில் தொடை வலுவையும் தனித்தனிக் காலாக ஒப்பிட வேண்டும். நொண்டியில் இடுப்பும் கணுக்காலும் முட்டியின் பலவீனத்தை மறைத்துவிடும். அதனால் தாவு மட்டும் போதாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்பது மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் வற்றியிருக்கும். வற்றிய காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் என்று மகிழ்வதில் பொருளில்லை. இதற்கு வழி, அடிபடுவதற்கு முன்பே எல்லாருடைய அளவையும் குறித்து வைப்பது. இரண்டாண்டாக ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முழு அணியையும் நொண்டி அடிக்கவைத்து எழுதிக்கொள்கிறேன். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் பெரிய வித்தியாசம் காட்டும் பிள்ளை யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

அடிபடாத பிள்ளைகளுக்கு

அணியில் பன்னிரண்டு பேர். ஒருத்திக்குப் பட்டது, மற்ற பதினொரு பேருக்கு என்ன செய்கிறோம்? இங்கேயும் தேர்வுகள் உண்டு. 'நீ கேப்' என்கிற முட்டி உறை வாங்கிக் கொடுக்கலாம் என்று பெற்றோர் சங்கத்தில் ஒருவர் சொன்னார். துணி உறை கதகதப்பையும் தைரியத்தையும் கொடுக்கும். திருகும் விசையை அது தாங்கும் என்று நம்பிப் பணம் போட வேண்டாம். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று கையைக் காலைப் பிடித்து நீட்டும் வழக்கம் எல்லா மைதானத்திலும் இருக்கிறது. 2014-இல் வெளியான, 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று, தசை நீட்டல் மட்டும் செய்வதால் காயம் குறையவில்லை என்றும், வலுப்பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தன என்றும் சொன்னது. நீட்டுவது பிடித்திருந்தால் நீட்டட்டும், ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள்.

அந்த வேறொன்று புதிதல்ல. கால்பந்துக்காக உருவான ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட முறை இருக்கிறது. மெதுவோட்டம், பலகைபோல் உடலை நிறுத்துவது, ஒற்றைக்கால் சமநிலை, உட்கார்ந்து எழுவது, குதித்து இறங்குவது, ஓடித் திரும்புவது என்று படிப்படியாகப் போகும். நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். காயங்கள் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கபடிக்கு அதில் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். பந்துக்குப் பதிலாகப் பாடிப் போவதை வைத்தோம். நம் தோப்புக்கரணமும் பஸ்கியும் தண்டாலும் இதில் அப்படியே பொருந்துகின்றன, ஒரே ஒரு திருத்தத்தோடு: இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. எதிரெதிரே இருவரை நிறுத்தி, "உன் முட்டி உள்ளே போகிறது" என்று ஒருவருக்கொருவர் சொல்லவைப்பேன். இரண்டாவது வாரத்திலிருந்து நான் சொல்லத் தேவையில்லாமல் போனது.

தொடைப் பின்தசைக்கு நோர்டிக் என்றொரு பயிற்சி. ஒருத்தி மண்டியிட, தோழி பின்னாலிருந்து கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முட்டியிலிருந்து உச்சந்தலை வரை ஒரே கோடாக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்காத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். கணுக்கால் பிடிக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் செய்து பார்த்ததில் பின்தசைக் கிழிவு கணிசமாகக் குறைந்தது. முதல் வாரம் இரண்டு நாள் தொடை வலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் யாரும் வர மாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து தடவையில் தொடங்கிக் கூட்டுங்கள்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு பயிற்சி நாளுக்கு இருபது நிமிடம். அந்த நிமிடத்தைத்தான் பயிற்சியாளர்கள் கொடுக்க மறுக்கிறார்கள். போட்டி நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். நானும் முன்பு வெட்டியிருக்கிறேன். இப்போது பத்து நிமிடமாகவாவது செய்கிறோம். இருபது நிமிடத்தை ஒரு மாதம் செய்துவிட்டு நிறுத்துவதைவிட, பத்து நிமிடத்தை ஆண்டு முழுதும் செய்வதையே தேர்ந்தெடுப்பேன்.

இது ஜூலை. அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளி வாழ்வின் கடைசிப் பருவம். போன சனிக்கிழமை காலை மைதானத்தில் கோடு போட்டு அளந்தோம். வலக்கால் 132 சென்டிமீட்டர், போன ஜூனில் குறித்ததைவிட அதிகம். இடக்கால் 118. ஜிம்மில் வலக்காலுக்கு 30 கிலோ, இடக்காலுக்கு 25. நோட்டில் எழுதி, வகுத்துப் பார்த்து, அவளே சொன்னாள்: "தாவலில் 90 சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் குறைகிறது சார்." தொடையில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டலப் போட்டிக்கான பட்டியலை வெள்ளிக்கிழமை அனுப்பினேன், அவள் பெயர் அதில் இல்லை. அன்று மாலையும் ஜிம்முக்குப் போயிருக்கிறாள். இடக்கால், 26 கிலோ, எட்டு முறை என்று நோட்டில் எழுதியிருக்கிறது.